சாவியைக் கொடுத்த கை

சாரல் பொழிந்த மாலையொன்றில், கபடிப் போட்டியில் வென்று வந்த என் மகன் வண்டிச் சாவியைக் கேட்டான்; பெருமிதத்தோடு கொடுத்தேன். தென்காசியிலிருந்து ஐந்தருவிக்கு ஒரே வண்டியில் மூவர் சென்றனர். எவருக்கும் தலைக்கவசம் இல்லை. நனைந்த வளைவில் சறுக்கி வீழ்ந்தனர். உயிர்கள் தப்பின, மகனின் முழங்கால் தப்பவில்லை. இன்று அவன் ஆடுகளத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறான்.

களத்தில் வெற்றி தரும் துணிச்சல் சாலையில் உதவாது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஈரச் சாலையில் இன்னும் நீளும்.

18 வயது நிரம்பாதவர் ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு என்கிறது 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். என் மகனுக்கு வயது 19. சட்டம் என்னை விட்டது, மனசாட்சி விடவில்லை.

பயிற்சியாளர்களே, தலைக்கவசமின்றி வருவோரை அணியில் சேர்க்காதீர்கள். பெற்றோர்களே, வெற்றிக்குப் பரிசாகச் சாவியை நீட்டாதீர்கள்.