தாத்தாவும் ஓடாத விசிடியும்

பி.காம் படிக்கிறவன்கிட்ட டேலியில சந்தேகம் கேட்டா ஒரு நியாயம் இருக்கு. எங்க வீட்ல, "எந்நேரமும் கம்ப்யூட்டர்லதான உக்காந்திருக்க, இதை ஓட்டிக் காமி"ன்னு ரெண்டு டிஸ்க்கை நீட்டினாங்க. நீட்டினது அப்பத்தா. மறுக்க முடியுமா மக்களே?

ஒண்ணு 2009-ல எடுத்த என் காதுகுத்து டிவிடி. இன்னொண்ணு 2006-ல நடந்த அத்தை கல்யாண விசிடி. ரெண்டுமே சித்தப்பா வீட்டுலயே நீரோ வச்சு பர்ன் பண்ணது. என் காதுகுத்தைப் பத்தி அப்பத்தாவுக்குக் கவலையில்ல (மொட்டைத் தலையோட நான் அழுறதை யார் பார்ப்பா!). தாத்தா 2011-ல தவறிட்டார். அவர் பேசுறது பதிவாகியிருக்கிற ஒரே இடம் அந்த விசிடி.

லேப்டாப்ல டிஸ்க் டிரைவ் கிடையாது, நண்பன்கிட்ட யுஎஸ்பி டிரைவ் கடன் வாங்கினேன். காதுகுத்து மேட்டர் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. டிவிடி படம் எம்பெக்-2. அதை ஓட்டுற வசதியை 2012-ல விண்டோஸ் 8 வந்தப்பவே கழட்டிட்டாங்க. விஎல்சி போட்டதும் மொட்டை திரையில வந்துருச்சு.

விசிடிதான் படுத்தி எடுத்துருச்சு. டிஸ்க்குக்குள்ள டாட்னு முடியுற ஒரு பெரிய ஃபைல் இருந்துச்சு. அது சாதாரண எம்பெக்-1 படம்தான், விஎல்சிக்கு ஜுஜுபி. ஆனா டிரைவ் 'கர்ர்ர்'னு கத்தும், நிக்கும், மறுபடி கத்தும். காப்பி பண்ணலாம்னா பாதியில எரர். நண்பனோட கம்ப்யூட்டர்ல போட்டா இன்னும் மோசம், டிஸ்க்கே இல்லைன்னு சாதிச்சுது.

ரெண்டு நாள் தேடிப் படிச்சதுல புரிஞ்சது இதான். கடையில விக்கிற சிடியில தகவலை அச்சுல அழுத்தியிருப்பாங்க. நாம பர்ன் பண்றதுல ஒரு சாயப் பூச்சுல லேசர் போட்ட தடம்தான் இருக்கும். அதுல வெளிச்சம் கம்மியாத்தான் திரும்பி வரும். ஒரு டிரைவோட கண்ணுக்கு அது தெரியும், இன்னொண்ணுக்குத் தெரியாது. அதுக்கு மேல விசிடிக்குன்னு ஒரு தனி வில்லங்கம். சாதாரண டேட்டா சிடியில ஒரு செக்டாருக்கு 2048 பைட்தான், மிச்ச இடத்துல பிழை திருத்துற தகவல் இருக்கும். விசிடியில படத்துக்கு இடம் வேணும்னு அந்தத் திருத்தத்துல பெரும்பகுதியை எடுத்துட்டு 2324 பைட்டைத் திணிச்சிருக்காங்க. கடனே கொடுக்காத பேங்க்ல ரிசர்வ் எதுக்குங்கிற மாதிரி! அன்னிக்கு மிச்சம் பிடிச்சதுக்கு இன்னிக்கு நாம வட்டி கட்டணும்.

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொன்னான் நண்பன். நல்லவேளை, அதுக்கு முன்னாடி டிஸ்க்கை ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பார்த்தேன். வெளி ஓரத்துல ஊசி குத்தின மாதிரி நாலஞ்சு ஓட்டை. சித்தப்பா மேல ஒட்டின ஸ்டிக்கர் உரிஞ்சப்ப பூச்சும் கூடவே வந்துருக்கு. சிடியில தகவல் இருக்கிறது அந்த ஸ்டிக்கருக்கு நேர் கீழதான். அடிப்பக்கத்தை எவ்வளவு தேய்ச்சாலும் மேல போனது போனதுதான்.

ஆனா சிடி உள்ளேர்ந்து வெளியதான் ஓடும். அப்ப போனது கடைசிப் பகுதி மட்டும்! மெல்லிசான பருத்தித் துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேர் கோடா துடைச்சேன் (வட்டமா தேய்க்காதீங்க). எங்க தெருமுனை டிடிபி கடையில ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு, அதுல அந்தக் காலத்து சிடி ரைட்டர். அண்ணன்கிட்ட கெஞ்சிப் போட்டுப் பார்த்தா... சத்தமே இல்லாம ஓடுது! அங்கயே உக்காந்து முடிஞ்ச வரைக்கும் காப்பி எடுத்தேன். 52 நிமிஷப் படத்துல 44 நிமிஷம் கிடைச்சுது. பொண்ணு மாப்பிள்ளை கிளம்புற காட்சி போச்சு, அத்தைக்கு இன்னும் சொல்லல.

தாத்தா 31-ஆவது நிமிஷத்துல வர்றார். பந்தியில நின்னுக்கிட்டு, "சாம்பார்ல உப்பு இருக்கா இல்லையாய்யா?"ன்னு சமையக்காரரைத் திட்டுறார். மொத்தம் பத்து செகண்டு இருக்கும்.

அப்பத்தா சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. "உப்பு சரியாத்தான் இருந்துச்சு. அந்த மனுசன் எப்பவும் இப்படித்தான்"னாங்க. அப்புறம், "அதைத் திரும்பப் போடுடா"ன்னாங்க.