அட்டாலியில கிடக்கற அரசாணிக்காய்

ஐப்பசி மழை புடிச்சுக்கிட்டா எங்க பக்கம் காய்கறிக்கு இழுபறி ஆயிரும். தக்காளி வெடிச்சுப் போகும், கத்திரியில பூ கொட்டிரும், கீரை சேத்துல படுத்துக்கும். அந்த நேரத்துல பிஞ்சுல ஆரம்பிச்சு, முத்தி, அப்புறம் தை மாசி வரைக்கும் வீட்டுக்குள்ளயே காத்துக்கிட்டு இருக்கற காய் ஒண்ணு உண்டுன்னா அது அரசாணிக்காய்தான்.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. நாங்க அரசாணின்னு சொல்றதத் தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கிக்காய்ம்பாங்க, மெட்ராசுல மஞ்சப் பூசணி. சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி வேற சாதி. அதுக்குத்தான் ஆயுத பூஜைக்குக் கிராக்கி. நாமக்கல்லுல லாரிப் பட்டறை, திருச்செங்கோட்டுல ரிக் வண்டின்னு திரும்பின பக்கமெல்லாம் வண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பூசணி சுத்தி உடைச்சாகணும். அந்த வாரம் வியாபாரிங்க வெள்ளைப் பூசணியத் தேடி அலைவாங்க, மஞ்சளை ஏறெடுத்தும் பாக்க மாட்டாங்க. (உடைச்சத ரோட்டுலயே விட்டுட்டுப் போறாங்க பாருங்க, பைக்குல வர்றவன் வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?)

பரங்கிங்கற பேரே பரங்கியர்னு சொன்ன போர்ச்சுக்கீசுக்காரங்களால வந்ததும்பாங்க. 1498ல வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்ததுக்கப்புறம் அமெரிக்கக் கண்டத்துப் பயிரெல்லாம் ஒண்ணொண்ணா நம்ம நாட்டுக்கு வந்துச்சு. மிளகாய், நிலக்கடலை, மக்காச்சோளம், எங்க மாவட்டத்துக்கே சோறு போடற மரவள்ளி, எல்லாம் அந்த வழி வந்த சொந்தந்தான். இன்னிக்கு அரசாணி இல்லாம எங்கூட்டுல பொங்கல் கிடையாது.

ஆடிப் பதினெட்டை ஒட்டி விதை ஊனுவோம். வீட்டுச் செலவுக்குன்னா எருக்குழி ஓரம் நாலு குழி போதும். முளைச்சு ரெண்டு இலை விட்டதும் சிவப்பு வண்டு வந்து சல்லடை ஆக்கிரும், அதுக்கு விடியக்காலம் பனி ஈரத்தோட அடுப்புச் சாம்பல் தூவுவோம். பூ எடுத்ததும் ஆம்பளப் பூதான் முதல்ல வரும், ஒல்லிக் காம்புல நிக்கும். பொம்பளப் பூவுக்கு அடியில குட்டியா ஒரு பிஞ்சு இருக்கும். மார்கழியில கோலத்துச் சாணி உருண்டை மேல வைக்கறதுக்குப் பிள்ளைங்க பறிக்க வந்தா, ஆம்பளப் பூவப் பாத்துப் பறிங்கன்னு சொல்லி விடுவோம். அதுலயும் கொஞ்சம் கொடியில நிக்கணும், இல்லாட்டித் தேனீ எதைத் தூக்கிட்டுப் போகும்? மழைக்காலத்துல காய் மண்ணுல பட்டா அடி அழுகிரும். அதனால ஒவ்வொரு காய்க்கும் கீழ பனையோலைத் துண்டோ தட்டைக் கல்லோ செருகுவோம். இது எங்கம்மா வேலை. எழுபத்தெட்டு வயசுலயும் குனிஞ்சு குனிஞ்சு வைக்கும்.

நாலு வருசத்துக்கு முன்னாடி மரவள்ளி விலை சரியில்லன்னு கால் ஏக்கர்ல அரசாணி வெச்சேன். நல்ல காய்ப்பு, நூத்தி எண்பது காய்க்குப் பக்கம். கார்த்திகையில ஒரு வியாபாரி வந்து கொடியோட பாத்துட்டுக் கிலோ அஞ்சு ரூபாய்க்குக் கேட்டாரு. எல்லாத்தையும் போட்டாலும் நாலாயிரத்து ஐந்நூறு வரும். மகளுக்கு நர்சிங் படிப்புக்கு ரெண்டாந் தவணை எட்டாயிரம் தைக்குள்ள கட்டணும். "இந்த மழைக்குக் காய் தாங்காதுங்க, யோசிச்சுக்கங்க"ன்னு சொல்லிக்கிட்டே வண்டியத் திருப்புனாரு. எனக்கு வயித்தக் கலக்குச்சு. எங்கம்மாதான் திண்ணையில இருந்து சொல்லுச்சு, "தாங்கறது தாங்கட்டும் சாமி, தாங்காதத நாம தின்னுக்கலாம்."

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் அம்மா சொன்ன கணக்குத்தான். காம்பு காஞ்சு தக்கை மாதிரி ஆகணும். தோல்ல மினுமினுப்புப் போயி மங்கணும். நகத்த ஊனுனா இறங்கக் கூடாது. அப்படிப்பட்ட காய மட்டும் மூணு விரக்கடை காம்பு விட்டு அரிவாள்ல அறுத்தோம். காம்பப் புடிச்சுத் தூக்கக் கூடாது, காம்பு பிஞ்ச காய்ல அந்த வாய் வழியா அழுகல் இறங்கும். கழுவவும் கூடாது. நாலு நாள் நிழல்ல காயப் போட்டு, அட்டாலியில சோளத்தட்டுப் பரப்பி, ஒண்ணோட ஒண்ணு முட்டாம அடுக்குனோம். வாராவாரம் அம்மா ஏணியில ஏற முடியாதுன்னு என்னைய ஏத்தி விட்டு, ஒவ்வொரு காயா அடியத் தொட்டுப் பாத்துச் சொல்லச் சொல்லும். மெத்துனு இருந்தா அன்னிக்கு அது அடுப்புக்கு. எங்கூட்டுல என்ன குழம்புன்னு அந்த ரெண்டு மாசம் தீர்மானம் பண்ணுனது அட்டாலிதான்.

பிஞ்சும் அரைக்காயும் முதல்ல தீந்துச்சு. அதத் தோலோட நறுக்கி, கடுகு, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளிச்சு, தண்ணி தெளிச்சு மூடி வேக வெச்சு, இறக்கறப்ப வறுத்த நிலக்கடலைய ஒண்ணு ரெண்டா நுணுக்கித் தூவுவாங்க. தேங்கா வேண்டியதில்ல. காய் விடற தண்ணிய அந்தக் கடலைப்பொடி குடிச்சுக்கும்.

கொஞ்சம் முத்துனதுக்குத் தட்டப்பயித்துக் குழம்பு. சோளத்துக்குள்ள ஊடுபயிராப் போட்ட தட்டப்பயிறு அப்பத்தான் காஞ்சு வீட்டுக்கு வந்திருக்கும். பயிற முதல்ல நல்லா மலர வேக வெச்சரணும், புளி ஊத்திட்டா அப்புறம் வேகவே வேகாது. கொத்தமல்லி, வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, துளி தேங்கா வதக்கி அரைச்சு ஊத்தி, கொதி வந்ததும் புளித்தண்ணி, அதுக்கும் பின்னாடிதான் அரசாணி. கைக்கு அடங்கற பெரிய துண்டா, தோலச் சீவாமப் போடணும். சின்னதா நறுக்குனா கரைஞ்சு கூழாயிரும். ராகிக் களியில குழி பண்ணி இத ஊத்திச் சாப்பிட்டா, புளிப்புக்குள்ள அந்த இனிப்பு வந்து நிக்கும். வீட்டுக்காரம்மா மொத நாள் குழம்ப விட மறுநாள் சுண்ட வெச்சதுதான் ருசின்னு சொல்லுது. ஆமாங்க, அதுதான் சரி.

நல்லா முத்தி உள்ள செக்கச் செவேல்னு இருக்கறது இனிப்புக்கு. வேக வெச்சு மசிச்சு, பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தையில வாங்குன உருண்டை வெல்லம், ஏலக்காய், ரெண்டு கரண்டி நெய். பேரப்பிள்ளைங்களுக்குக் கேரட்டு அல்வான்னு சொல்லித்தான் குடுக்கறோம், அரசாணின்னா ஓடிருதுங்க.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப ஆரம்பிச்சு உழவர் சந்தைக்கு மூணு நடை போனேன். அங்க கமிஷன் கிடையாது, தராசும் அவங்களே குடுத்துருவாங்க. ஆனா முழுக்காய் வாங்க ஆள் இல்ல. ஏழு கிலோ காயத் தூக்கிட்டுப் போயி மூணு பேர் இருக்கற வீட்டுல என்ன பண்ணுவாங்க? கீத்துப் போட்டுத்தான் விக்கணும். கீத்துப் போட்டத அன்னிக்கே வித்தாகணும். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல கோ 1னு ஏழெட்டுக் கிலோ ரகம் விட்டவங்களே, அப்புறம் கோ 2ன்னு ஒண்ணரை, ரெண்டு கிலோ ரகம் விட்டாங்க. காரணம் அன்னிக்குத் தராசு முன்னாடி உக்காந்தப்பத்தான் புரிஞ்சுது. கிலோ பன்னெண்டுல இருந்து பதினெட்டு வரைக்கும் போச்சு. முப்பது காய்க்குப் பக்கம் அழுகலுக்கும் எலிக்கும் போச்சு, வீட்டுக்கும் சொந்தக்காரங்களுக்கும் ஒரு இருபத்தஞ்சு. மீதி வித்ததுல தவணை கட்டி, ஆயிரத்துச் சொச்சம் கையில நின்னுச்சு. அந்த வியாபாரி மேல எனக்குக் கோவம் இல்லீங்க. அவர் கொண்டு போயி வெக்கறதுக்கு அவருக்கும் அட்டாலி இல்ல.

மக இப்ப ஈரோட்டுல ஒரு ஆசுபத்திரியில வேலை பாக்குது. லீவுக்கு வந்தா அதுவேதான் ஏணியில ஏறிக் காயத் தொட்டுப் பாக்குது. விதைக்கு மட்டும் அம்மா யாரையும் விடாது. கெடாம மாசி வரைக்கும் நின்ன காய்ல இருந்துதான் எடுக்கும், அலசிச் சாம்பல்ல புரட்டி நிழல்ல காய வெச்சுத் துணியில முடிஞ்சு வெக்கும். பக்கத்துக் காட்டுக்காரரு போன வருசம் கடை விதை போட்டதுல தேனீ எதையோ கலந்து விட்டிருச்சு, ரெண்டு கொடியில குண்டுக்காய்க்குப் பதிலா நீட்டுக்காய் வந்துச்சு. அந்த ரெண்டையும் விதைக்கு வேண்டாம்னு ஒதுக்கியாச்சு.

இந்த வருசம் அட்டாலியில பதினோரு காய் கிடக்குது. வடக்கோரம் இருக்கறது அடியில லேசா மெத்துனு இருக்குதுன்னு காலையில சொன்னேன். தட்டப்பயிறு ஊறிக்கிட்டு இருக்குது.