அமிர்தகழியில் ஒரு பழைய ஹைலக்ஸ்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் துறைமுகத்தில் வரிசையாக நிற்கப்போகும் புது வண்டிகளைப் பற்றிய பேச்சுத்தான். அந்தக் கிழமைதான் மட்டக்களப்பு அமிர்தகழியிலிருந்து நண்பர் தொலைபேசி எடுத்தார்.

"புதுசு வருகுதெண்டு எல்லாரும் எழுதுறீங்க மச்சான். என்ட கப் அஞ்சு நாளா மாமாட கராஜில கிடக்கு. வயல் வெட்டு மெசினுக்குச் சொல்லியாச்சி. ஒருக்கா வந்து பாரன்."

அடுத்த நாள் இரவு பஸ் ஏறினேன்.

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். ஆடி அமாவாசைக்கு எங்கெங்கோ இருந்து சனம் வந்து மாமாங்கக் குளத்தில் தீர்த்தமாடி, இறந்த தகப்பனை நினைத்துக்கொண்டு போகும். நான் போனபோது தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஊரின் பெயரிலேயே கழி இருக்கிறது. வாவிக் காற்றில் உப்பு கலந்தே வரும். அந்த உப்பு முதலில் தின்பது இரும்பைத்தான். கராஜ் என்று சொன்ன இடம் ஒரு வேப்பமரமும், நாலு தகரமும், எண்ணெய் ஊறிக் கறுத்த மண்ணும். ஓரத்தில் பழைய டொல்பின் வான் ஒன்று சில்லில்லாமல் கல்லின் மேல் நின்றது. நடுவில் நண்பரின் ஹைலக்ஸ் பொனற்றைத் திறந்துகொண்டு நின்றது.

எல்.என்.106. தொண்ணூறுகளில் வந்த டபுள் கப். 3எல் டீசல் எஞ்சின், 2779 சி.சி. முன்னுக்கும் பின்னுக்கும் இலை வில்லு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு மட்டக்களப்புத் தெருவெல்லாம் தொண்டு நிறுவனங்களின் வெள்ளைக் கப்புகளாக ஓடித் திரிந்ததே, அந்த வகையில் ஒன்று. வந்தவர்கள் வேலை முடிந்து போக, வண்டிகள் கை மாறின. நண்பர் நாலாவது கை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு, மேற்கே படுவான்கரையில் வயல். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை இந்த வண்டியைப் பாதையில் ஏற்றித்தான் வாவியைக் கடந்தார். வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும்: மட்டக்களப்பில் பாதை என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் மிதவை.

ஊரே மாமா என்று அழைக்கிறவருக்கு அறுபது இருக்கலாம். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் ஒரு துண்டு. என்னைப் பார்த்ததும் கை துடைத்துவிட்டு, "இரிங்க தம்பி, தேத்தண்ணி வரும்" என்றார். நான் அவர் பக்கத்தில் கிடந்த கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழத்துக்கு மேல் நீளம். கைபட்டுக் கைபட்டு வழவழத்துப் போயிருந்தது. ஒரு முனை தேய்ந்து வட்டமாக, மறுமுனையில் கறுப்பு எண்ணெய்.

"இது எங்கட அப்பாட துடுப்பு" என்று பக்கத்தில் வேலை செய்த பையனின் தோளைத் தட்டிச் சிரித்துக்கொண்டு சொன்னார். "அடி உடைஞ்சி போச்சி. பிடிய நான் வச்சிரிக்கன்."

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதை எப்படிக் கேட்பார்கள் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். நிலவு இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். கல்லடிப் பாலத்தடியில் அப்படிக் கேட்டவர்கள் பலர். மாமாவின் தகப்பனும் வலை வீசிய காலத்தில் மகனைத் தோணியில் இருத்தி அப்படித்தான் கேட்க வைத்திருக்கிறார். இப்போது மாமா அதே பிடியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைக்கிறார். எந்த இன்ஜெக்டர் தட்டுகிறது, தண்ணீர்ப் பம்பின் பெயரிங் தேய்ந்துவிட்டதா, எந்த வால்வு இறுக்கமில்லை என்பதெல்லாம் மரத்தின் வழியே வந்துவிடுமாம். என்னிடமும் தந்தார். வெளியே ஒரே இரைச்சலாகக் கேட்ட எஞ்சின், காதில் கட்டை பட்டதும் நாலாகப் பிரிந்தது. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஒரு தளர்ச்சி. அவர் விரலால் காட்டியபிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் பிடிபட்டது.

"பம்ப் நல்லம். நொசில் நல்லம். ரேடியேட்டர்ல பாருங்க, கொமிழ் வருகுது. கேஸ்கட்தான் போயிரிக்கி."

1978 நவம்பர் சூறாவளியில் மாமாவின் வீட்டுக் கூரையும் தோணியும் ஒரே இரவில் போயின. அப்போது அவருக்குப் பதின்மூன்று. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. திருகோணமலை வீதியில் ஒரு கராஜில் சேர்ந்து மண்ணெண்ணெயில் நட்டுக் கழுவினார். மூன்று வருசம் கழுவுகிற வேலைதான். "கழுவக்குள்ளதான் தம்பி படிச்சன். எது எங்க தேயும் எண்டு கையில தெரியும்." 1990 செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் நடந்த படுகொலைக்குப் பிறகு அவருடைய குரு கராஜைப் பூட்டிவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. எங்கே போனார் என்று நான் கேட்டதற்கு மாமா தலையை மட்டும் ஆட்டினார். நானும் மேலே கேட்கவில்லை.

பிறகு வந்ததுதான் அவரை மெக்கானிக் ஆக்கிய காலம். எரிபொருளும் பற்றரியும் சோதனைச் சாவடி தாண்டிப் படுவான்கரைக்குப் போகமுடியாத போர் வருசங்கள். பெற்றோல் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினைச் சூடாக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனருக்கும் ஏ40க்கும் செய்த அதே வித்தை. கடையில் சாமான் இல்லை என்பது அந்தக் காலத்தில் ஒரு மெக்கானிக்குக் காரணமே இல்லை. எந்த வண்டியின் உறுப்பு எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று தலைக்குள் ஒரு பெரிய பதிவேடு சேர்ந்தது அப்படித்தான். கல்லின் மேல் நின்ற டொல்பின் வானைக் காட்டிச் சொன்னார்: "இதுவும் 3எல்தான். ஹெட் வரும், நொசில் வரும், தண்ணிப் பம்ப் வரும். சம்ப் மட்டும் வராது, கப்புக்கு முன் அக்சில் இடிக்கும்." அந்த வான் அங்கே நிற்பது இரும்புக்கு விற்க அல்ல. அது அவருடைய பாட்ஸ் கடை.

ஹெட்டைக் கழற்றிய நாளின் பெரும்பகுதியை இங்கே விட்டுவிடுகிறேன். பெல்ட், குழாய்கள், புல்லி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த வேலை கைதேர்ந்தவருக்கே நினைவில் நிற்கும். ஹெட்டை நகரத்து லேத்துக்குக் கொண்டுபோய் மட்டம் பார்த்தார்கள். வெடிப்பில்லை என்று வந்ததும் நண்பர் மாமாங்கேஸ்வரர் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார்.

ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளொக்கின் மட்டத்தைவிடச் சற்று மேலே எட்டிப் பார்க்கும். எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். அதனால் டொயோட்டா இந்த எஞ்சினுக்கு மூன்று தடிப்பில் கேஸ்கட் செய்தது. ஓரத்தில் பி, டி, எஃப் என்று எழுத்து அடித்திருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் பத்தில் ஒரு மில்லிமீற்றர். அவ்வளவுதானே என்று விட்டால், தடிப்புக் கூடிய கேஸ்கட்டில் அமுக்கம் குறைந்து காலையில் வண்டி எழும்பாது, புகை தள்ளும். புகை தள்ளினால் வருசா வருசம் புகைப் பரிசோதனையில் நிற்கும், வரி அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. தடிப்புக் குறைந்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே இடமே இல்லாமல் போகும்.

மாமாவிடம் கண்ணாடி வெடித்த ஒரு டயல் கேஜ் இருக்கிறது. அதைப் பழைய துணியில் சுற்றி, அந்தத் துணியைப் பால்மா டின்னில் வைத்திருக்கிறார். நாலு பிஸ்டனையும் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, முள் நின்ற இடத்தைப் பையன் சுண்ணக்கட்டியால் தகரத்தில் எழுதினான். பார்த்து முடித்து, "டி" என்றார்.

நண்பர் கேஸ்கட்டுக்கு ஒரு தரகரிடம் சொல்லியிருந்தார். வந்த பெட்டியில் ஜப்பான் எழுத்துப் பளபளத்தது. உள்ளே இருந்த கேஸ்கட்டில் எழுத்தே இல்லை. மாமா விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பையனிடம் கொடுத்தார். அவனும் தடவிப் பார்த்தான். தொலைபேசி எடுத்தபோது மறுமுனையில் சொன்ன பதில் எனக்கும் கேட்டது: எல்லாம் ஒன்றுதான், போட்டு ஓட்டுங்கள், விற்ற சாமான் திருப்பி எடுப்பதில்லை.

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை போனதை எல்லோரும் அனுபவித்தோம். அதனால் விலை ஏறியது என்றால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையின் தட்டில் இருந்த சாமான் மட்டக்களப்பு வருவதற்குள் மூன்று கை மாறுகிறது. எந்தக் கையும் சாமானைத் திறந்து பார்ப்பதில்லை. படம் எடுத்து அனுப்புகிறது, விலை சொல்கிறது, தன் பங்கை வைக்கிறது. பிழையான சாமானைப் பொருத்திய பழி கடைசியில் மெக்கானிக்கின் தலையில் விழுகிறது. தன் கையால் அளந்து டி என்று சொன்ன மனிதருக்கு இரண்டு நாள் வேலைக்குக் கிடைக்கும் கூலி, அந்த மூன்று தொலைபேசி அழைப்புகள் சம்பாதித்ததைவிடக் குறைவு. வயல்காரனோ அறுவடைக்கு முன்பே கடனாளி. அறிந்தவன் கூலிக்காரனாகவும் அறியாதவன் வியாபாரியாகவும் இருக்கும் ஒழுங்கை இந்த நாட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. நகரத்தில் இருக்கிற கராஜ்கள் பத்து சேர்ந்து மாதத்துக்கு ஒருவரைக் கொழும்புக்கு அனுப்பி வாங்கினால் தரகர் எதற்கு? இதை நான் கேட்டபோது மாமா கேட்டார்: "ஆர் தம்பி முன்னுக்கு நிக்கிற? நிக்கக்கூடிய பொடியனெல்லாம் கட்டாரில நிக்கிறான்." அவரிடம் பழகிய ஆறு பேரில் நாலு பேர் வளைகுடா நாடுகளில். பள்ளிக்கூடம் போகாதவர்களின் கைவேலையைச் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் தரும் முறை இலங்கையில் இருக்கிறது. அவர்கள் நாலு பேரும் அதை எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள். மாமா எடுக்கவில்லை. அவருக்கு அதைத் தேடிவந்து கொடுத்திருக்க வேண்டும்.

அன்று இரவே பையனை மீனகயா ரயிலில் கொழும்புக்கு அனுப்பினார். அவன் மருதானையில் இறங்கிப் பஞ்சிகாவத்தைக்கு நடந்துபோய், ஆறாவது கடையில் எழுத்தைக் கண்ணால் பார்த்து, படத்தை மாமாவுக்கு அனுப்பிச் சரி என்ற பிறகே காசு கொடுத்தான். அங்கேயே அவனுக்கு ஒரு உறவினர் வீட்டில் வேலை இருந்தது. கேஸ்கட்டை இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, இரவு பஸ்காரரிடம் கொடுத்துவிட்டான். கிழக்கில் பாதி உதிரிப்பாகங்கள் இப்படித்தான் வந்து சேர்கின்றன. சாரதிக்குச் சிறு தொகை, பொதியின் மேல் ஒரு தொலைபேசி இலக்கம்.

விடியற்காலை நண்பரும் நானும் போய்ப் பொதியை எடுத்தோம். மாமா எங்களுக்கு முன்பே எழும்பிக் காத்திருந்தார். மட்டையைப் பிரித்து, ஓரத்தைத் தடவி, அந்த எழுத்தை என் விரலிலும் தொடவைத்தார்.

ஹெட் போல்ட் இறுக்குவதில் ஒரு கணக்கு. முதலில் ரோர்க் ரென்ச்சில் அளவாக இறுக்கி, பிறகு ஒவ்வொன்றையும் கால் வட்டம், அதற்குப் பிறகு இன்னொரு கால் வட்டம் திருப்ப வேண்டும். எது திரும்பியது எது திரும்பவில்லை என்று குழம்பாமலிருக்க ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு பொட்டு. மாமா பொட்டு வைத்தது பேத்தியின் நகப்பூச்சால். ரோசா நிறம். நடுவிலிருந்து வெளியே, மாறி மாறி, அவசரமில்லாமல் திருப்பினார். எல்லாப் பொட்டும் ஒரே திசை பார்த்து நின்றபோது வெயில் வேப்பமரத்துக்கு மேலே வந்துவிட்டது.

பின்னேரம் திறப்பைத் திருகினார் நண்பர். ஹீட்டர் விளக்கு அணைந்ததும் இரண்டாவது சுற்றில் பிடித்தது. கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, பிறகு அதுவும் இல்லை. மாமா ரேடியேட்டர் வாயைப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் நின்றது. துடுப்புப் பிடியை எடுத்து நாலு இடத்திலும் வைத்துக் கேட்டார். மூன்றாவதில் கூடுதல் நேரம்.

நண்பர் காசை எடுத்தார். மாமா பாதியை வாங்கிக்கொண்டார்.

"மிச்சத்த வெட்டு முடியத் தாங்க மனே. ஒரு ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிட்டு மறுகா ஒருக்கா கொண்டு வாங்க, தண்ணி பாக்கணும். நாளைக்கு மட்டும் நெல்லு ஏத்தாதீங்க."

நண்பர் சரி என்று தலையாட்டிவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்து மாமாங்க வீதிக்கு ஏற்றினார். மாமா அது வளைவு திரும்பும்வரை காது கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு டயல் கேஜைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.