ஒன்றாம் எண் பேருந்து

திருச்சிராப்பள்ளியில் சில காலம் வாழ்ந்த எவரும் ஒன்றாம் எண் பேருந்தை மறந்திருக்க மாட்டார்கள். மத்தியப் பேருந்து நிலையத்தில் புறப்பட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் சற்றே இளைப்பாறி, காவிரிப் பாலத்தைக் கடந்து, மாம்பழச்சாலை வழியாக அது திருவரங்கத்தை அடைகிறது. பாலத்தின்மேல் ஏறியதும் மலைக்கோட்டை பின்னே விலகும். 1987-ஆம் ஆண்டில் நிறைவுற்ற 236 அடி உயர இராசகோபுரம் தென்னைகளுக்கு மேலே தலை காட்டும். 1976-இல் கட்டப்பட்ட அப்பாலத்தின் அருமையை, பழுதுபார்ப்பதற்காக அதனை மூடி 2023 மார்ச்சில் திறக்கும் வரை சுற்றி அலைந்தவர்களே நன்கு அறிவர்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்ல நான் இப்பேருந்தில் ஏறுவது வழக்கம். போகும்போது எவரோடும் பேசுவதில்லை. நெஞ்சோடு சேர்த்து வைத்திருப்பவர் யார் என்பதை அறிந்தவன் பேச மாட்டான். திரும்பும்போது பேசாமலிருக்க அந்தக் காரணம் இல்லை. எனினும் பல மாதங்கள் நான் பேசாமலே திரும்பினேன். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

திருவரங்கத்தில் நான் காணும் நோயாளிகளுள் ஒருவர், நடக்க இயலாத ஒரு தாய். அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் பற்றவைப்பு வேலை செய்கிறான். நற்கருணை பெற்று நன்றி கூறி முடித்ததும், செல்பேசியில் மகன் அனுப்பிய குரலை எனக்கும் கேட்கத் தருவார். “சாமி, நீங்களும் கேளுங்க. எனக்குப் பாதிதான் காதிலே விழுது” என்பார்.

ஓர் அறையில் பன்னிருவர் படுக்கை. விடியுமுன் எழுந்து, லாரியின் பின்புறத்தில் அமர்ந்து வேலைத்தளத்திற்குப் பயணம். இரவில் அதே லாரியில் திரும்புதல். முதல் மாதம் யாருடைய பேச்சும் விளங்கவில்லையாம். வங்காள தேசத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவரே நகர்ந்து அமர்ந்து இடம் தந்து, எங்கே இறங்குவது, எங்கே உணவு வாங்குவது என்று கைச்சாடையால் கற்றுக்கொடுத்தாராம். பிறகொரு ஞாயிறன்று, ஓபிர் சாலையில், இந்தியக் கத்தோலிக்கருக்கென 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயத்தைக் கண்டுபிடித்திருக்கிறான். “அம்மா, நம்ம சத்திரத்துக்குப் பக்கத்திலே இருக்கிற லூர்து மாதா இங்கேயும் இருக்காங்க. பூசை தமிழிலேயே நடக்குது” என்று சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. தாய் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அன்று திரும்பும் பேருந்தில் என் பக்கத்தில் ஓர் இளைஞன் வந்து அமர்ந்தான். காலில் சிமெண்டுத் தூசு, கழுத்தில் செபமாலை. அவனை எனக்குத் தெரியும். நான்கு மாதங்களாக நம் ஆலயத்தின் கடைசித் தூணருகே நின்று திருப்பலி காண்பவன். நானோ, அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி வராது என்று ஒதுங்கியிருந்தேன். சற்றுமுன் கேட்ட குரல் என்னை உறுத்தியது. அறிந்த நான்கு இந்திச் சொற்களைக் கூட்டிப் பேசினேன்.

சார்க்கண்டு மாநிலத்துச் சிம்டேகா அவன் ஊர். கட்டட வேலைக்காக நாள்தோறும் பாலத்தைக் கடக்கிறான். வந்த வாரத்தில் பலகையைப் படிக்க இயலாமல் வேறு பேருந்தில் ஏறி, எங்கோ இறங்கி, இரவில் மலைக்கோட்டையின் விளக்கைப் பார்த்தே நடந்து திரும்பினானாம். இப்போது ‘1’ என்ற எண்ணைப் பார்த்து ஏறிக்கொள்கிறான். நம் ஊரில் அவனால் படிக்க முடிந்தது அந்த ஓர் எண் மட்டுமே.

அன்பர்களே, அயலாரை ஏற்பது நமக்குப் புதிதன்று. 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி அடிகளார், 1732-இல் சதுரகராதி தந்த வீரமாமுனிவரானார். அவருக்கு முதல் தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவர் நம் முன்னோருள் ஒருவரே அல்லவா? பிரெஞ்சு இயேசு சபையினர் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய தூய வளனார் கல்லூரி, 1883-இல் திருச்சிக்கு வந்தது. அறிஞராக வந்த அயலாருக்கு இடம் தந்த ஊர், சட்டி சுமக்க வந்த அயலானுக்குக் கடைசித் தூணையா தருவது?

அடுத்த ஞாயிறு அவனையும் அவன் தோழர் பதினொருவரையும் முன்னே அழைத்து அமர்த்தினோம். இந்தி அறிந்த ஆசிரியை ஒருவர் பேருந்துகளின் எண்களையும் நிறுத்தங்களையும் சிறு அட்டைகளில் எழுதிக் கொடுத்தார். மன்றாட்டுகளுள் ஒன்று இந்தியில் சொல்லப்பட்டது. பெரியவர் ஒருவர் முகம் சுளித்து, “தமிழ்ப் பூசையிலே இந்தி எதுக்கு சாமி?” என்று கேட்டார். அவர் கேள்வியை நான் இகழவில்லை. நம் மொழிப்பற்று பழியன்று. “உங்கள் பேரன் சார்சாவில் எந்த மொழியில் செபிக்கிறான்?” என்று மட்டும் கேட்டேன். அவர் விடை சொல்லாமல் போனார். அடுத்த வாரம் அந்த இளைஞர் இருவரைத் தம் வீட்டுக்கு உணவருந்த அழைத்துச் சென்றவர் அவரே.

அடுத்த முதல் வெள்ளியன்று திருவரங்கத்துத் தாயிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “அந்தப் பிள்ளையை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க சாமி. என்னாலே எழுந்து சமைக்க முடியாது, பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்டே சொல்லி வைக்கிறேன்” என்றார்.

நம் இல்லங்களில் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுக் காத்திருப்போர் பலர். அவர்களுக்காக நாம் செபமாலை சொல்கிறோம், நன்று. ஆனால் நாளைக் காலை பேருந்தில் பலகையைப் படிக்கத் தெரியாமல் ஒருவர் உங்கள் அருகே நிற்பார். சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். எங்கே இறங்க வேண்டுமென்று கேளுங்கள்.