தாயார் தொழில்?

மக்களே, ஒரு கேள்வி. காலேஜ் சேரும்போது ஒரு ஃபார்ம் கொடுத்தாங்களே, அதுல 'தாயார் தொழில்'னு ஒரு கட்டம் இருந்துச்சே... அதுல நீங்க என்ன எழுதினீங்க?

நான் 'இல்லத்தரசி'ன்னு எழுதினேன். கையெழுத்தெல்லாம் அழகாத்தான் இருந்துச்சு. விஷயம்தான் பொய்!

அந்தப் பொய்யை மூணு வருஷம் கழிச்சு எனக்கு ஞாபகப்படுத்தினது யார் தெரியுமா? ஒரு ஹாலிவுட் அம்மா. அதுவும் 1945-ல வந்த கறுப்பு வெள்ளைப் படத்துல! படம் பேரு 'மில்ட்ரெட் பியர்ஸ்'. செமஸ்டர் முடிஞ்ச ராத்திரி, ஹாஸ்டல்ல ஒரே ஒரு லேப்டாப்பைச் சுத்தி நாலு பேர் உட்கார்ந்து பார்த்தோம். "என்னடி, பாட்டி காலத்துப் படம்"னு முதல் பத்து நிமிஷம் ஒரே கலாட்டா. அப்புறம் ஒருத்தியும் வாயைத் திறக்கலை.

கதை இதுதான். புருஷன் வீட்டை விட்டுப் போயிடுறான். மில்ட்ரெட் கையில ரெண்டு பொண்ணுங்க. கேக் சுட்டு விக்குறா, ஹோட்டல்ல சப்ளையர் வேலைக்குப் போறா. பின்னாடி சொந்தமாவே ரெஸ்டாரன்ட் மேல ரெஸ்டாரன்ட்டா திறக்குறா. எல்லாம் மூத்த பொண்ணுக்காக. அந்தப் பொண்ணு பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சா 'வேதா'! நம்ம கிளாஸ் அட்டெண்டன்ஸ்ல இருக்குற பேரு மாதிரியே இல்ல? ஆனா இந்த வேதா, அம்மா கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த டிரஸ்ஸையே மட்டமான துணின்னு சொல்ற ரகம்.

சப்ளையர் வேலை பார்க்குறதை மில்ட்ரெட் பொண்ணுகிட்ட மறைக்கிறா. ஒருநாள் அந்த யூனிஃபார்ம் வேதா கையில மாட்டிக்குது. அவ என்ன பண்றா தெரியுமா? அதை வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு, அம்மா முன்னாடி நடமாட விடுறா!

"சீ, என்ன பொண்ணு இவ!"ன்னு என் ரூம்மேட் கத்தினா. நானும் கத்தியிருக்கணும். முடியலை. எனக்கு ஒரு ஹெட்லைட் ஞாபகம் வந்துடுச்சு.

இருங்க, அதுக்கு எங்க ஊருக்குப் போகணும். புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம். பெரிய சிவன் சிலையும் பூ மார்க்கெட்டும்தான் எங்க ஊருக்கு அடையாளம். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கின்னு சுத்துப்பட்டு கிராமத்துப் பூவெல்லாம் இங்கேதான் வந்து இறங்கும். முகூர்த்த நாள்னா விலை எகிறும், மத்த நாள்ல படுத்துடும். மல்லிகையும் முல்லையும் மொட்டா இருக்கும்போதே பறிச்சாகணும். அதனால விடியறதுக்கு முன்னாடியே நெத்தியில ஹெட்லைட்டைக் கட்டிக்கிட்டுப் பெண்கள் தோட்டத்துக்குள்ள இறங்கிடுவாங்க.

எங்களுக்குத் தென்னந்தோப்பு இருந்துச்சு. 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை வந்த கஜா புயல், தோப்பைப் படுக்க வெச்சிட்டுப் போயிடுச்சு. அப்போ நான் எட்டாவது. புதுசா வெச்ச கன்னு காய்க்க அஞ்சாறு வருஷமாவது ஆகும். என் ஸ்கூல் ஃபீஸ் அதுவரைக்கும் காத்திருக்குமா? அம்மா அடுத்தவங்க தோட்டத்துக்குப் பூப் பறிக்கக் கிளம்பிடுச்சு. கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி.

எங்கிட்ட சொல்லலை. நான் முழிக்கிறதுக்குள்ள திரும்பி வந்து, குளிச்சு, இட்லியும் ஊத்தி வெச்சிடும். ஒருநாள் கரன்ட் போனப்போ டார்ச் தேடினேன். அரிசி மூட்டைக்குப் பின்னாடி அந்த ஹெட்லைட் கிடைச்சுது. "யாருதும்மா இது?"ன்னு கேட்டதுக்கு, "அப்பா மோட்டார் போடப் போறப்ப மாட்டிக்கிறதுடி"ன்னு சொன்னுச்சு. நான் நம்பிட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, நம்புறது எனக்கு வசதியா இருந்துச்சு.

அப்புறம் ப்ளஸ் டூ. காலையில ஸ்பெஷல் கிளாஸ். இன்னும் இருட்டு விலகலை, ஸ்கூல் வேன் போய்க்கிட்டு இருக்கு. வேன் வெளிச்சத்துல ரோட்டோரமா அஞ்சாறு பெண்கள், இடுப்புல பூக்கூடை, நெத்தியில லைட். மூணாவதா நடந்து வந்தது எங்கம்மா. வேனைப் பார்த்ததும் டக்குனு லைட்டை அணைச்சிட்டு, வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிச்சு.

நான்? அடுத்த பக்க ஜன்னலைப் பார்த்தேன்.

அவ்வளவுதான் பாஸ். வேதா மாதிரி நான் யாரையும் அவமானப்படுத்தலை, ஒரு வார்த்தை பேசலை. அன்னிக்குச் சாயங்காலம் வழக்கம்போல அம்மா காபி போட்டுச்சு, வழக்கம்போல நான் குடிச்சேன். அதைப் பத்தி ரெண்டு பேருமே பேசலை.

படத்துல பின்னாடி ஒரு சீன். அம்மா மேல வீசுற எண்ணெய்ப் பிசுக்கு வாசனையே பிடிக்கலைன்னு வேதா கொட்டித் தீர்ப்பா. அந்த வாசனையிலதான் அவ வளர்ந்தாங்கிறது அவளுக்குத் தெரியலை. ஏன் தெரியலைன்னு யோசிச்சா, எனக்கு ஒண்ணு தோணுது. மில்ட்ரெட் யூனிஃபார்மை ஒளிச்சு வெச்சதும் ஒரு காரணம். பாசத்துலதான் ஒளிச்சா. ஆனா ஒளிச்சதைப் பார்த்து, அது ஒளிக்க வேண்டிய விஷயம்தான்னு பிள்ளை கத்துக்குது. நம்ம சினிமாவுல அம்மான்னா தெய்வம், தப்பே பண்ணாது. இந்தப் படம் அப்படிக் கும்பிட்டுட்டுப் போகலை. நல்ல அம்மாவும் தப்பாப் பாசம் வைக்கலாம்னு சொல்லுது.

மில்ட்ரெட்டா நடிச்ச ஜோன் கிராஃபோர்டுக்கு இந்தப் படத்துக்குத்தான் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைச்சுது. உடம்பு சரியில்லைன்னு 1946 விழாவுக்கே போகாம, வீட்டுல படுக்கையில இருந்தபடியே வாங்கினாங்க. படத்துல ஒரு கொலையும் உண்டு. யார் பண்ணினதுன்னு சொல்லி உங்க நைட் ஷோவைக் கெடுக்க மாட்டேன். ஆனா கடைசி சீனை மட்டும் கவனிங்க. மில்ட்ரெட் வெளியே நடந்து போறப்போ, ஓரமா ரெண்டு பெண்கள் மண்டி போட்டுத் தரையைத் தேய்ச்சுக்கிட்டு இருப்பாங்க. யாரும் அவங்களைத் திரும்பிப் பார்க்குறதில்லை. நான் அந்த இடத்துல படத்தை நிறுத்தி வெச்சுப் பார்த்தேன்.

அந்த லீவுல ஊருக்குப் போனதும், "நானும் தோட்டத்துக்கு வரேன்"னேன். "வேண்டாம்டி, பனி, பூச்சி பொட்டு கிடக்கும்"னு அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்துச்சு. விடலை. மூணரை மணிக்குக் கிளம்பினோம். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான மொட்டு வேணும் மக்களே! விடியறதுக்குள்ள அம்மா மூணு கிலோ. இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிற நான், கால் கிலோ!

பாதி வரிசையில கேட்டேன்.

"அன்னிக்கு அந்த வேன்ல நான் இருந்தேன்மா."

"தெரியும்."

"ஏன் லைட்டை அணைச்ச?"

"உனக்குக் கூச்சமா இருக்கும்ல."

நான் நிமிர்ந்து பார்த்தேன். என் லைட் நேரா அம்மா கண்ணுல அடிச்சுது. "லைட்ட கீழ அடிடி, மொட்டு தெரியலை"ன்னு சொல்லிட்டு அடுத்த செடிக்குப் போயிடுச்சு.

போன வாரம் ஸ்காலர்ஷிப்புக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணினேன். அதே கட்டம். இந்த முறை லிஸ்ட்ல இருந்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். தேடித் தேடிப் பார்த்தேன், அம்மாவோட வேலை அதுல இல்லை. 'பிற'ன்னு அழுத்தினா பக்கத்துல ஒரு சின்ன இடம் திறந்துச்சு. 'பூப் பறிப்பவர்'னு டைப் பண்ணினேன்.

நீங்க எழுதினது சரிதானா... ஒரு தடவை அம்மாகிட்ட கேட்டுப் பாருங்களேன்!