பட்ட கடன்

அம்மா பக்கவாதத்தில் விழுந்து படுக்கையான பிறகு, சபையில் பார்க்கிறவர்கள் எல்லாம் என் அன்பைப் புகழ்வார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். நடுராத்திரியில் மூத்திரத்துணி மாற்றும்போது மனதில் அன்பு இருந்ததில்லை; தூக்கம்தான் இருந்தது, சில ராத்திரி எரிச்சலும். இது வெறும் பாசாங்குதானோ என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த நாட்களில்தான் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தைக் கிரேக்க அகராதியோடு வாசித்தேன். எபேசு சபை தாங்க வேண்டிய விதவைகளின் பட்டியல் பற்றிய பேச்சு அது. 60 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது. பிள்ளையோ பேரப்பிள்ளையோ இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும், சபைமேல் பாரம் ஏற்றக் கூடாது. கறாரான செலவுக் கணக்கு. அதன் நடுவில் 'அமொய்பே' என்ற சொல் வருகிறது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. வாங்கியதற்கு ஈடாகத் திருப்பித் தருவது என்று பொருள். கூட வரும் வினைச்சொல், கடனை அடைப்பதற்கும் வழங்குவதுதான். கிரேக்கருக்கு இது புதிதல்ல. பெற்றோருக்குச் சோறு போடாதவனை ஏதென்ஸில் சட்டமே தண்டித்தது. தொழில் கற்றுத்தராத தகப்பனை மகன் காப்பாற்ற வேண்டியதில்லை என்று அங்கே சட்டம் வகுத்த சோலோன் ஒரு விலக்கும் வைத்திருந்தார். பவுல் அதுவும் வைக்கவில்லை.

கடன் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. கடனைக் கட்ட வருகிறவனிடம் முகமலர்ச்சியும் சேர்த்து யாரும் கேட்பதில்லை. அம்மாவிடமா கணக்குப் பார்க்கிறாய் என்று தங்கை முகம் சுளித்தாள். ஆமாம், கணக்குதான்.

'அமொய்பே' வரும் அதே வசனம், பிள்ளைகள் இதை முதலில் கற்றுக்கொள்ளட்டும் என்கிறது. பாசம் இருந்தால் எல்லாம் தானாக வரும் என்று நினைக்கிறோம், எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்காதான் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பிடித்து இழுத்தால் தோல் உரசிப் புண்ணாகும். இரண்டு பேராக விரிப்போடு தூக்கி நகர்த்த வேண்டும். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. கஞ்சி ஊட்டும்போது தலைமாட்டை நன்றாக நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். அம்மாவுக்குக் கடைசிவரை படுக்கைப்புண் வரவில்லை.

உங்கள் வீட்டில் படுக்கையாகக் கிடப்பவர் இருந்தால், ஒரு நர்ஸை அழைத்து இதையெல்லாம் செய்துகாட்டச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்துங்கள். பவுல் அவர்களையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.