ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் வேண்டாம்

தாராபுரம் பக்கத்து முருங்கை விவசாயி ஒருவர், டிராக்டருக்கு ஊற்றும் போர் தண்ணீரையே காருக்கும் ஊற்றிவந்தார். அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போன நாளில் கார் கொதித்து, நடுவழியில் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், வெந்நீர்ப் பானையில் படிவதுபோல ரேடியேட்டர் குழாய்களில் உப்பு! அம்மாவுக்கு ஆட்டோ கிடைத்தது, நல்லவேளை.

இப்போது கூலன்ட்தான் ஊற்றுகிறார். பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்குவதில்லை. ஒரே நிறத்தில் வெவ்வேறு வகை உண்டு. மாற்றிக் கலந்தால் துருத்தடுப்பு கெடும். காரின் கையேட்டில் உள்ள வகையைத்தான் கேட்கிறார். கலந்தே வரும் கூலன்ட்டை அப்படியே ஊற்றலாம். கெட்டியாக வருவதென்றால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கேனில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். இன்ஜின் ஆறாமல் மூடியைத் திறக்கவே கூடாது. வடித்த பழைய கூலன்ட் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். நாயோ கன்றோ நக்காத இடத்தில் மூடிவைக்கிறார்.